மௌனமான கம்பி: எச்சரிக்கை வரலாற்றில் யாழ்ப்பாணம்

எச்சரிக்கை மணி ஒன்று ஒலியாதிருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அபாயம் எதுவும் நேராமை ஒன்று. மணிக்குச் செல்லும் கம்பி அறுந்துபோனமை மற்றொன்று. கேட்போர் செவிக்கு இரண்டும் ஒரே மௌனமாகவே தோன்றும். தூரத்துக்குச் செய்தி அனுப்பும் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் அவற்றைக் கண்டுபிடித்தோரைப் போற்றுகின்றனரேயன்றி, கருவி உயிருடன் இருக்கின்றதா என்பதை நாள்தோறும் பார்த்துவந்தோரைப் பற்றிப் பேசுவது அரிது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடந்த ஒன்றேகால் நூற்றாண்டு வரலாற்றை இந்நோக்கிலே ஆராயுமிடத்து, அவ்விரு மௌனங்களையும் பிரித்தறியும் வழி அங்கு எப்பொழுது இருந்தது, எப்பொழுது இல்லாதொழிந்தது என்பது சிந்தனைக்குரியதாகின்றது.

இப்பிரச்சினை தெளிவாக உருப்பெற்ற இடங்களுள் ஒன்று அமெரிக்காவின் பொஸ்ரன் நகரமாகும். வில்லியம் சானிங், மோசஸ் பாமர் ஆகிய இருவரின் முயற்சியினால் 1852 இல் அந்நகரிலே தந்திக் கம்பி வழியாகத் தீவிபத்தை அறிவிக்கும் முறை தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு, அயலூரவரான ஒகஸ்ரஸ் போப் என்பவர் கள்வர் வரவை அறிவிக்கும் மின்மணி ஒன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். கதவோ யன்னலோ திறக்கப்பட்டால் மின்சுற்றுப் பூர்த்தியாகி மணி ஒலிக்கும். அமைப்பு எளிது, ஆனால் அதன் குறையும் எளிதிற் புலப்படுவது. கள்வன் கம்பியை முதலில் வெட்டிவிட்டுக் கதவைத் திறப்பானாயின் மணி வாய்திறவாது. வீட்டுக்காரரோ அம்மௌனத்தையே காவலென நம்பி உறங்குவார்.

இக்குறைக்குக் கண்ட பரிகாரம் சிந்தனையைத் தலைகீழாகத் திருப்பியதில் அடங்கியிருந்தது. அபாயம் வரும்போது மட்டும் மின் பாய்வதை விடுத்து, எந்நேரமும் சிறிதளவு மின்னைக் கம்பியிலே பாயவிட்டு, அது நின்றால் மணி அடிக்கும்படி செய்தனர். கதவு திறந்தாலும் மின் நிற்கும். கம்பி அறுந்தாலும் மின் நிற்கும். கம்பி தன் முறிவைத் தானே அறிவிக்கக் கற்றுக்கொண்டது எனலாம். போப்பின் உரிமையை விலைக்கு வாங்கி அதனை வணிகமாக வளர்த்தவர் எட்வின் ஹோம்ஸ். அவருடைய மகன் 1877 இல், கிரஹம் பெல்லின் தொலைபேசி வெளிவந்து ஓராண்டு கழிந்த நிலையில், வங்கிகளுக்குச் சென்ற அபாய மணிக் கம்பிகளிலேயே தொலைபேசிகளையும் பொருத்தினார். பகலிற் பேச்சு, இரவிற் காவல் என ஒரே கம்பி இரு தொழில் செய்தது. தொலைபேசி நிலையங்கள் தத்தம் மின்கல அடுக்குகளிலிருந்து ஏறத்தாழ 48 வோல்ற் மின்னழுத்தத்தைச் சந்தாதாரரின் கம்பியில் எந்நேரமும் நிறுத்திவைக்கும் வழக்கம் பின்னர் உலகெங்கும் பரவியது. வங்கிகளின் அபாய மணிப் பெட்டி அந்த அழுத்தத்தை இடையறாது பார்த்துக்கொண்டிருக்கும். அது வீழ்ந்தால் 'தொடர்பு போயிற்று' எனக் கூவும். அத்துடன் அமையாது, நாளுக்கொரு தடவை தானாகவே கண்காணிப்பு நிலையத்தை அழைத்துத் தன் இருப்பைத் தெரிவிக்கும். அவ்வழைப்பு வராவிடின், வராமையே செய்தியாகும்.

யாழ்ப்பாணத்து மக்கள் இத்தத்துவத்தை வங்கியில் அன்று, புகையிரதத்திலேயே முதலிற் கண்டனர். எனினும் கண்டதை அவர்கள் அறிந்திருப்பர் என்று கூறமுடியாது. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலான பாதை 1902 இல் திறக்கப்பட்டது. 1905 இல் கொழும்பிலிருந்து குடாநாட்டுக்கு நேரடியாகப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. வன்னிக் காட்டினூடாகச் சென்ற இவ்வடபாதை ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் ஒரே துண்டிற் புகுந்துவிடின் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில் 1874 இல் அவ்வாறுதான் நிகழ்ந்தது. தந்தி மூலம் தவறாகச் சென்ற ஓர் உத்தரவினால் இரு வண்டிகள் நேருக்குநேர் மோதி 25 பேர் மாண்டனர். அவ்விபத்தின் பின்னரே எட்வேட் ரயர் என்பார் மின்சார 'ரப்லற்' முறையை 1878 இல் வகுத்தார். இலங்கைப் புகையிரதத்தின் ஒற்றைப் பாதைகள் நீண்டகாலம் நம்பியிருந்தது இம்முறையையே.

இதன் இயக்கம் விரித்துரைக்கத் தக்கது. அடுத்தடுத்துள்ள இரு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி இருக்கும். இரண்டையும் கம்பி இணைக்கும். கருவிகளுள்ளே வட்டத் தகடுகள் பல அடுக்கப்பட்டிருக்கும். சாரதி கையிலே அத்தகடு ஒன்றில்லாமல் வண்டி அத்துண்டிற் புக இயலாது. பளையிலிருந்து ஒரு வண்டி புறப்படவேண்டுமெனின், பளை நிலைய அதிபர் மணியடித்து அடுத்த நிலையத்தாரிடம் அனுமதி கோருவார். அவர் தமது கருவியை அழுத்தி மின்னை அனுப்பினாலன்றி இங்குள்ள பூட்டு இளகித் தகடு வெளிவராது. ஒரு தகடு வெளியே வந்துவிட்டால், அது மறுமுனையில் ஒப்படைக்கப்படும்வரை இரு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். ஓடும் வண்டியிலிருந்து சாரதியின் உதவியாளர் கையை நீட்டி வளையத்தைப் பற்றிக்கொள்ளும் காட்சியை ஊர்ச் சிறுவர்கள் வேடிக்கையாகப் பார்த்திருப்பர். ஆனால் இம்முறையின் மேன்மை அவ்வளையத்தில் இல்லை. இடையிலுள்ள கம்பி அறுந்தால் என்ன நடக்கும் என்பதிலேயே உள்ளது. மின் வராவிடின் தகடு வராது; தகடு வராவிடின் வண்டி நகராது. யானை கம்பத்தைச் சாய்த்தாலும், புயல் மரத்தை வீழ்த்தினாலும், பயணிகள் சினந்தாலும், வண்டி நிற்கும். மௌனத்தை 'நில்' என்று பொருள்கொள்ளும் ஒழுங்கு இது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு உத்தியோகம் பார்க்கச் சென்ற தலைமுறைகள் இரவு முழுவதும் உறங்கிக்கொண்டு பயணஞ்செய்ய முடிந்தமைக்கு இவ்வொழுங்கும் ஒரு காரணம்.

இத்தகைய ஒழுங்கு குலையுமிடத்து நேர்வதற்குப் பாக்குநீரிணையின் மறுகரை சான்று பகரும். 1964 டிசம்பர் 22 ஆம் திகதி இலங்கையின் வடபகுதியையும் மன்னாரையும் தாக்கிய சூறாவளி அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் கப்பலால் இணைத்து 1914 முதல் இயங்கிவந்த பயண வழி அத்துடன் முறிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி, ஊரின் எல்லையிலே கைகாட்டி விளக்கு எரியாதிருக்கக் கண்டு நின்றது என்றும், நெடுநேரம் காத்திருந்து ஊதி ஒலியெழுப்பிய பின்னர் சாரதி வண்டியை முன்னே செலுத்தினார் என்றும் சொல்லப்படுகின்றது. பேரலை அவ்வண்டியை மூடியது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் எவரும் பிழைக்கவில்லை. இருண்ட விளக்கை அபாய விளக்காகவே கொள்ளவேண்டும் என்பது புகையிரத உலகின் பழைய விதி. ஆயினும் கொட்டும் மழையில், பயணிகள் நிறைந்த வண்டியுடன், பதில் தராத இருளின் முன் நின்ற ஒருவரைக் குறைகூறுவது எளிதன்று.

கம்பி அறாமலிருப்பது மட்டும் போதுமா என்ற வினாவும் எழுகின்றது. கம்பிக்கு இரு முனைகள் உண்டு. அபாய மணிக் கம்பியின் மறுமுனை வழக்கமாகக் காவல் நிலையத்திலோ தீயணைப்பு நிலையத்திலோ முடிகின்றது. மணி கேட்டவர் ஓடிவருவார் என்ற நம்பிக்கையின் மீதே முழு அமைப்பும் நிற்கின்றது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பரானபோது, நகரில் அதனை அறியாதவர் இல்லை. அதற்கு மணி தேவைப்படவில்லை. தீவைத்தோருள் நகருக்கு அனுப்பப்பட்டிருந்த பொலிசாரும் இருந்தனர் என்பது பல ஆவணங்களிற் பதிவாகியுள்ளது. காக்கவேண்டிய முனையே பகையாகியபோது எச்சரிக்கைக்குப் பொருளில்லாது போயிற்று. எந்தப் பொறியியல் நூலும் இதற்குப் பரிகாரம் கூறுவதில்லை.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதுடன் புகையிரதம், மின்சாரம், தொலைபேசி ஆகிய மூன்றும் குடாநாட்டுக்கு இல்லாதொழிந்தன. தெற்கிலிருந்து நிலவழியாக வரும் கம்பி ஆனையிறவு போன்ற ஒடுங்கிய வாயில்களைக் கடந்தே வரவேண்டியிருந்தமை குடாநாட்டின் புவியியல் தந்த பலவீனம். ஆனால் இம்முறை கம்பியை அறுத்தது புயலன்று. வெளிநாட்டிலுள்ள பிள்ளையுடன் பேசவிரும்பிய தாய் கிளாலிக் கடல்நீரேரியை இரவிலே படகிற் கடந்து வவுனியாவரை செல்லவேண்டியதாயிற்று. அக்கடவையிலேயே பலர் உயிரிழந்தனர். மறுபுறத்தில், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்த பிள்ளைகளுக்கு ஊரின் மௌனம் எதைக் குறித்தது? தாய் நலமாக இருக்கிறாள் என்பதையா, குண்டு வீழ்ந்தது என்பதையா? போப்பின் மணியைக் கட்டிய வீட்டுக்காரர் மௌனத்தைக் காவலென எண்ணி உறங்கினார். இவர்களோ அதே மௌனத்தைக் கேட்டு உறக்கமிழந்தனர். குடாநாட்டுக்குள்ளே மக்கள் துவிச்சக்கரவண்டியின் டைனமோவிலிருந்து மின் பெற்று வானொலி கேட்டனர். ஒருவர் மிதிக்க, மற்றையோர் சுற்றியிருந்து செய்தி கேட்பர். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் நிற்கும். தொடர்பு இருக்கிறதா என்பதைக் காலாலேயே உணர்ந்துகொள்ளும் முறை இது எனின் மிகையாகாது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி நிகழ்ந்தது வேறுவகை மௌனம். சுமாத்திராவை அண்டிய கடலடியில் இலங்கை நேரம் காலை ஏறத்தாழ 7 மணிக்கு நிலம் அதிர்ந்தது. ஹவாயிலிருந்த பசுபிக் எச்சரிக்கை நிலையம் பதினைந்து நிமிடங்களில் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. வடமராட்சி கிழக்கை அலை வந்தடைய இரண்டு மணிநேரமளவு இருந்தது. மணற்காட்டிலோ உடுத்துறையிலோ இருந்த ஒருவர் நடந்தே உள்நிலத்துக்குச் சென்றிருக்கக்கூடிய நேரம் அது. ஆனால் இந்துசமுத்திரக் கரைகளுக்கு எச்சரிக்கை கொண்டுசெல்லும் ஒழுங்கு எதுவும் அன்று இருக்கவில்லை. அறுந்த கம்பியல்ல, என்றுமே கட்டப்படாத கம்பி! யாழ் மாவட்டத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அதன் பின்னர் 2005 இல் இலங்கையில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. கரையோர மாவட்டங்களில் ஒலிபெருக்கிகளுடன் கூடிய எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. இந்துசமுத்திர நாடுகளுக்கிடையே ஒரு பொதுவான எச்சரிக்கை அமைப்பும் உருவாயிற்று. 2012 ஏப்பிரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவான நிலநடுக்கம் ஏற்பட்டபோது இலங்கையின் கரையோர மக்கள் முன்கூட்டியே வெளியேறினர். அன்று பேரலை வரவில்லை, செய்தி வந்தது. இந்நாடுகளின் நிலையங்கள் ஆண்டில் இருமுறை ஒன்றுக்கொன்று பரிசோதனைச் செய்தி அனுப்பி, எது எத்தனை நிமிடத்திற் கிடைத்தது, எது கிடைக்கவேயில்லை எனக் கணக்கெடுக்கின்றன. பொஸ்ரனின் மூடிய சுற்றுச் செய்த அதே வேலையைக் கடலளவுக்கு விரித்துச் செய்யும் முயற்சி என இதனைக் கொள்ளலாம்.

ஆயினும் இச்சோதனைச் செய்தி தலைநகரிலுள்ள நிலையத்தை அடைவதுடன் நின்றுவிடுகின்றது. அங்கிருந்து மீனவர் குடியிருப்புவரை செல்லவேண்டிய கடைசித் தொலைவிலேயே தளர்ச்சி புகுந்தது. கோபுரங்களை உப்புக்காற்று அரித்தது. உதிரிப்பாகங்கள் கிடைப்பது அரிதாயிற்று. அவற்றுட் பெரும்பாலானவை இயங்கா நிலையில் இருந்தமை, பேரலை நேர்ந்து இருபது ஆண்டுகள் நிறைந்த காலப்பகுதியிலே வெளிப்படையாகப் பேசப்பட்டது. 2014 ஒக்ரோபர் 13 ஆம் திகதி யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தடைந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது. நாளேடுகள் படம் வெளியிட்டன. உடுத்துறையிலோ மருதங்கேணியிலோ ஒரு கோபுரம் பேச்சிழந்த நாளில் எவரும் திரளவில்லை. அது பேச்சிழந்ததைக் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் அறிந்திருக்க வழியும் இல்லை. நேற்றும் அது பேசவில்லை, அதற்கு முந்திய நாளும் பேசவில்லை.