காட்டுச் சந்தனமும் தோட்டச் சந்தனமும்

ஜும்ஆ நாளில் குளித்து, நறுமணம் பூசிப் பள்ளிவாசலுக்குச் செல்வது நபிவழி. சில மாதங்களுக்கு முன் சங்கரன்கோவிலில் அத்தர் வாங்கியபோது, "இது காட்டுச் சந்தனம் ஹஜரத், தோட்டத்துச் சரக்கு இல்ல" என்றார் ஒரு வியாபாரி. விலையும் அதற்கேற்ப இருந்தது. அஸருக்குள் மணம் போய்விட்டது.

வேறுபாடு உண்மையில் உண்டா? உண்டு. ஆனால் அது காட்டிலன்று, வயதில் இருக்கிறது. சந்தன எண்ணெய் வைரக்கட்டையிலும் வேரிலுமே ஊறுகிறது, வெளிக்கட்டையில் மணமில்லை. மரத்தை வெட்டாமல் வேரோடு தோண்டியெடுப்பது இதனால்தான். வைரம் பாய்வதற்குப் பல்லாண்டுகள் வேண்டும். பத்தாண்டு மரத்தின் வைரத்தில் எண்ணெய் பொதுவாக 2 விழுக்காட்டுக்குள் அடங்கும். முப்பதாண்டு கடந்த மரத்தில் 3 முதல் 5 விழுக்காடு வரை கிடைக்கும். மணத்திற்கு மூலமான சாண்டலால் என்னும் பொருளும் முதிர்ந்த மரத்தில் மிகுதி. மறையூர்க் காட்டு மரத்திற்கு மதிப்பு வந்தது அங்கே அது முதிர விடப்பட்டதால். தோட்டக்காரரோ பதினைந்து ஆண்டுகளிலேயே அறுவடைக்கு அவசரப்படுகிறார். பொறுத்திருந்தால் தோட்ட மரமும் நல்லெண்ணெய் தரும்.

அப்படியானால் நம் நாட்டார் முன்பே ஏன் பயிரிடவில்லை? 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்கே உரிய மரமாக்கினார். போர்ச்செலவில் நொடித்திருந்த அரசுக்கு அது வருவாய். அவருக்குப் பின் வந்தோரும் அச்சட்டத்தை விடவில்லை. முதல் உலகப்போரால் ஜெர்மனிக்குக் கட்டை அனுப்புவது நின்றபோது, 1916இல் மைசூர் அரசு தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. ஆலை வளர்ந்தது, உழவனின் நிலை மாறவில்லை. தன் நிலத்தில் பறவை எச்சத்தால் முளைத்த கன்றும் தனக்குச் சொந்தமில்லை என்றால், காவல் தொல்லைக்கு அஞ்சி அதைப் பிடுங்கி எறிவானே தவிர வளர்ப்பானா? திப்புவை நேசிப்பவன் நான். எனினும் இந்தச் சட்டம் காட்டை வெறுமையாக்கியதில் பங்குடையது என்றே கருதுகிறேன். கர்நாடகம் 2001லும் தமிழ்நாடு 2002லும்தான் வளர்ப்பவருக்கே மரத்தை உரிமையாக்கின. அதற்குள் கள்ளக்கடத்தல் மலைகளைத் தின்றுவிட்டது.

மரம் அருகியதும் போலி பெருகியது. போலி புதிதுமன்று: ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் அல்-கிந்தியின் பெயரில் வழங்கும் அத்தர் நூலிலேயே விலையுயர்ந்த வாசனைகளுக்கு மாற்றுச் சரக்குச் செய்யும் முறைகள் உள்ளன. இன்று கலப்படத்தை அறிய உலகத்தர அளவு ஒன்று இருக்கிறது. ஆல்பா சாண்டலால் 41 முதல் 55 விழுக்காடு, பீட்டா 16 முதல் 24. அந்த அளவு, மரம் எங்கே வளர்ந்தது என்று கேட்பதில்லை.

குப்பி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அடுத்த முறை அந்த வியாபாரியிடம், காடா தோட்டமா என்பதை விட்டு, மரத்திற்கு வயதென்ன என்று கேட்க எண்ணியுள்ளேன்.