எண்ணும் எழுத்தும் பிரித்தறிதல்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. ஊராத்துறை எனப்பட்ட ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைக் காக்குமாறு முதலாம் பராக்கிரமபாகு மன்னன் விதித்த ஆணை அது. யானை, குதிரை கொணரும் மரக்கலம் உடையின் நான்கில் ஒரு பங்கு அரசனுக்கு, எஞ்சியது உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கலமாயின் இருவர்க்கும் சரிபாதி என்பது விதி.

இக்கல்வெட்டைக் கா. இந்திரபாலா ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். பழைய கல்வெட்டுகளில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. பெரும்பாலும் புள்ளியும் இல்லை. எங்கே பிரிப்பது என்பதே படிப்போர்க்கு எழும் முதல் வினா. ‘தாமரை’ என்பது சேர்ந்து நின்றால் மலர். பிரிந்து நின்றால் தாவும் மான் அன்றோ?

இதே வினா, வீட்டுக் கணினி தோன்றிய காலத்திலும் எழுந்தது. 1975இல் 6502 என்னும் மலிவான சில்லு விற்பனைக்கு வந்தது. அதற்குரிய கட்டளைகள் யாவும் வெறும் எண்களாகவே நினைவகத்தில் கிடக்கும். 0 முதல் 255 வரையுள்ள எண்களில் 151 எண்களுக்கே முறையான கட்டளைப் பொருள் உண்டு. ஒரு கட்டளை ஓரெண்ணாலும் ஆகலாம். இரண்டு, மூன்று எண்களாலும் ஆகலாம்.

இவ்வெண்களைக் கட்டளைச் சொற்களாகப் பிரித்துக் காட்டும் நிரலே ‘டிஸ்அசெம்பிளர்’ எனப்படுவது. அதன் முறை எளிது. முதலெண்ணை எடுத்து அட்டவணையிற் காண்க; அதன் பெயரையும், தொடர்ந்து எத்தனை எண் அதனைச் சார்ந்தது என்பதையும் அறிக; எழுதிவிட்டு அத்தனை எண் கடந்து செல்க. 169, 32, 96 என நின்றால், ‘32ஐ ஏற்றுக, திரும்புக’ என்பது பொருள். ஓரெண் தவறி 32இல் தொடங்கினாலோ, அதுவே ‘வேறோரிடத்துத் துணைநிரலுக்குச் செல்க’ என்னும் கட்டளையாகிவிடும்!

ஸ்டீவ் வாஸ்னியாக், ஆலன் பாம் என்னும் இருவர் இத்தகைய நிரலொன்றை 1976இல் இதழொன்றில் வெளியிட்டனர். 1977இல் வந்த ஆப்பிள் இரண்டு கணினியின் நிலைநினைவகத்திலேயே அத்தகையதொன்று இடம்பெற்றது. இடம் குறைவாதலின், மூன்றெழுத்துக் கட்டளைப் பெயர் ஒவ்வொன்றையும் இரண்டு எண்களுக்குரிய இடத்தில் வாஸ்னியாக் அடக்கினார். முகவரியை எழுதி ‘எல்’ என்னும் எழுத்தைத் தட்டினால், இருபது கட்டளைகள் திரையில் வரிசையாகத் தோன்றும். விலைகொடுத்து வாங்கியவன் தன் பொறியின் உள்ளத்தைத் தானே படிக்கலாயிற்று.

ஆயினும் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. படமும் கட்டளையும் ஒரே நினைவகத்தில் எண்களாகவே கிடக்கும்; எது எதுவெனத் தேர்வது மனிதன் கடன். எழுதியவன் இட்ட பெயர்களும் விளக்கக் குறிப்புகளும் மீளா. மூலப் படி தொலைந்த பழைய நிரல்கள் இன்றும் இம்முறையாற் படிக்கப்படுகின்றன; எனினும் ஏன் அவ்வாறு எழுதினான் என்பதை ஊகித்தே அறிதல் வேண்டும்.

கல்லும் சில்லும் தாமாகப் பேசுவதில்லை. எழுத்தின் வரிவடிவமும் எண்ணின் அட்டவணையும் அறிந்தோர் உள்ளவரையே அவை பொருள் தரும். எழுதியதைக் காப்பதோடு படிக்கும் வழியையும் காத்தலே, பின்வருவோர்க்கு நாம் செய்யும் கடமையாகும்.