கன்டெய்னர்களின் இரகசியங்கள்: பூட்டு இருக்கிறது, சாவி எங்கே?

2021 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதலாம் தேதி, அமெரிக்காவின் கோட்கவ் என்ற மென்பொருள் நிறுவனத்துக்கு அதன் வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து ஒரு தகவல் வந்தது. அந்நிறுவனம் அறிவித்திருந்த சரிபார்ப்பு எண்ணும், தாம் தரவிறக்கம் செய்த நிரலின் சரிபார்ப்பு எண்ணும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே அந்தத் தகவல்.

விசாரித்துப் பார்த்தபோது, ஜனவரி 31 ஆம் தேதி முதலே அந்த நிரலை யாரோ இடையிடையே மாற்றியமைத்து வந்திருப்பது தெரியவந்தது. மாற்றப்பட்ட நிரல், அதனை இயக்கிய வாடிக்கையாளர்களின் கணினிச் சூழலில் இருந்த விவரங்களைத் திரட்டி வெளியில் இருந்த ஒரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கடவுச்சொற்களும் சாவிகளும் அவ்விவரங்களில் அடங்கியிருக்கக் கூடும்.

ஊடுருவியவர்கள் எப்படி உள்ளே நுழைந்தார்கள் என்பதே இங்கு முக்கியமானது. டாக்கர் இமேஜ் எனப்படும் மென்பொருள் பொதி ஒன்றை அந்நிறுவனம் தயாரித்த முறையில் ஒரு தவறு நேர்ந்திருந்தது. அந்தப் பொதியிலிருந்து, நிரலை மாற்றுவதற்குப் போதுமான ஒரு சாவியைப் பிரித்தெடுக்க முடிந்தது.

பாதிக்கப்பட்டவர்களில் ஹாஷிகார்ப் நிறுவனமும் ஒன்று. இரகசியங்களைப் பாதுகாப்பதற்கென்றே வால்ட் என்ற மென்பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் அது. தனது வெளியீடுகளுக்குக் கையொப்பமிடும் சாவி வெளிப்பட்டுவிட்டதாக அறிவித்து, அதனை மாற்ற வேண்டிய நிலை அந்நிறுவனத்துக்கு ஏற்பட்டது.

வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் எனப் பல இடங்களிலும் கன்டெய்னர்கள் இன்று பயன்பாட்டில் உள்ளன. அவற்றுக்குத் தேவையான இரகசியங்களை எங்கே, எப்படி வைப்பது என்ற கேள்வி, கணினிப் பொறியாளர்களை மட்டும் சார்ந்த ஒன்றல்ல.

ஒரே கோப்பில் இரு தேவைகள்

கன்டெய்னர் என்பது, ஒரு மென்பொருளையும் அது இயங்கத் தேவையான துணை நிரல்களையும் ஒன்றாகக் கட்டிவைத்து, எந்தக் கணினியிலும் ஒரே விதமாக இயக்கும் முறையாகும். துறைமுகங்களில் காணப்படும் சரக்குப் பெட்டிகளின் பெயரே இதற்கும் சூட்டப்பட்டது. 2013 ஆம் ஆண்டு மார்ச் மாதம் டாக்கர் மென்பொருள் வெளியானதை அடுத்து இம்முறை பரவலாயிற்று. ஏராளமான கன்டெய்னர்களை ஒருங்கிணைத்து நடத்தும் குபெர்னெட்டிஸ் மென்பொருளை 2014 ஆம் ஆண்டு ஜூன் மாதம் கூகுள் நிறுவனம் அறிமுகப்படுத்தியது.

சோதனைக்கும் உண்மைப் பயன்பாட்டுக்கும் ஒரே பொதியைப் பயன்படுத்துவது இம்முறையின் சிறப்பு. இடத்துக்கு இடம் மாறுபடும் விவரங்கள் அமைவுக் கோப்புகளில் எழுதப்படுகின்றன. எந்தத் தரவுத்தளத்தோடு இணைய வேண்டும், எத்தனை பிரதிகள் ஓட வேண்டும் என்பன போன்றவை அதில் இருக்கும். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும் அங்கேதான் தேவைப்படுகிறது.

சிக்கலும் இங்குதான் தொடங்குகிறது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது தெரிய வேண்டும் என்பதற்காக அமைவுக் கோப்புகளைக் குழுவினர் அனைவரும் பார்க்கக்கூடிய நிரல் களஞ்சியத்தில் வைப்பது நல்ல வழக்கம். ஆனால் கடவுச்சொல் மிகச் சிலருக்கே தெரிய வேண்டும். எல்லோரும் காண வேண்டியதும் எவரும் காணக்கூடாததும் ஒரே கோப்பில் வந்து சேர்கின்றன.

தவறான மூன்று இடங்கள்

இரகசியங்கள் வழக்கமாகக் கசியும் இடங்கள் மூன்று. முதலாவது, கன்டெய்னர் பொதி. இப்பொதி அடுக்கு அடுக்காக உருவாக்கப்படுகிறது. ஓர் அடுக்கில் வைத்த கோப்பை அடுத்த அடுக்கில் அழித்தாலும், கீழ் அடுக்கில் அது அப்படியே இருக்கும். பொதி கையில் கிடைத்த எவரும் அதனை எடுத்துப் படிக்கலாம்.

இது வெறும் அச்சம் அல்ல. ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 3,37,171 பொதிகள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றில் 8.5 சதவீதமானவற்றில் இரகசியங்கள் காணப்பட்டன. 52,107 தனிச் சாவிகள் அவற்றில் அடங்கும். அச்சாவிகள் யாரும் பயன்படுத்தாத பழஞ்சரக்குகளும் அல்ல. இணையத்தில் இயங்கிக்கொண்டிருந்த 2,75,269 கணினிகள் அவ்வாறு வெளிப்பட்ட சாவிகளை நம்பியே தம்மை அடையாளம் காட்டிவந்தன.

இரண்டாவது, நிரல் களஞ்சியம். டொயோட்டா நிறுவனத்தின் டி-கனெக்ட் சேவைக்கான நிரலின் ஒரு பகுதி, 2017 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் வரை கிட்ஹப் தளத்தில் எவரும் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தது. தரவு சர்வருக்கான சாவி ஒன்றும் அதில் இருந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கக் கூடும் என்று அந்நிறுவனம் பின்னர் அறிவித்தது.

களஞ்சியம் பொதுப் பார்வைக்கு மூடப்பட்டிருந்தால் போதும் என்று கருதுவதும் தவறு. 2016 ஆம் ஆண்டில் ஊபர் நிறுவனத்தின் தனிக் களஞ்சியத்தில் நுழைந்தவர்கள் அங்கே கிடைத்த சாவியைக் கொண்டு சுமார் 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களை எடுத்துச் சென்றனர். அந்தச் செய்தி 2017 ஆம் ஆண்டு நவம்பரில்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது.

மூன்றாவது, சூழல் மாறிகள். ஒரு நிரல் தொடங்கும்போது அதற்கு வழங்கப்படும் சிறு குறிப்புகள் இவை. பயன்படுத்த எளியவை என்பதால் பலரும் கடவுச்சொற்களை இவற்றில் இடுகின்றனர். ஆனால் ஒரு நிரல் தொடங்கும் துணை நிரல்கள் அனைத்துக்கும் இவை இயல்பாகவே சென்றுவிடுகின்றன. பழுது நேரும்போது எழுதப்படும் பதிவுகளிலும் இடம்பெற்றுவிடுகின்றன. கோட்கவ் சம்பவத்தில் திரட்டி அனுப்பப்பட்டவையும் இந்த மாறிகளே.

உருமாற்றம் வேறு, மறையாக்கம் வேறு

குபெர்னெட்டிஸ் மென்பொருளில் இரகசியங்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அதில் இடப்படும் கடவுச்சொல், பார்வைக்குப் புரியாத எழுத்துத் தொடராகக் காட்சியளிக்கும். அது மறைத்து எழுதப்பட்டிருப்பதாகப் புதியவர்கள் பலர் நம்பிவிடுகின்றனர்.

உண்மையில் அது பேஸ்64 என்ற எழுத்து உருமாற்றம் மட்டுமே. சாவி எதுவும் இன்றி எவராலும் ஒரு நொடியில் அதனை மூல வடிவத்துக்குக் கொண்டுவர முடியும். மறையாக்கம் என்பது சாவி இன்றித் திறக்க இயலாதவாறு பூட்டுவதாகும்.

குபெர்னெட்டிஸ் தனது விவரங்களைச் சேமிக்கும் தரவுத்தளத்திலும் இந்த இரகசியங்கள் இயல்பு நிலையில் மறையாக்கம் செய்யப்படுவதில்லை. அந்த வசதி 2017 ஆம் ஆண்டில் சோதனை முயற்சியாக வந்து, 2018 ஆம் ஆண்டு வெளியான 1.13 ஆவது பதிப்பில் நிலைபெற்றது. எனினும் நிர்வாகியே அதனை இயக்கிவைக்க வேண்டும். இயக்கிய பிறகும், முன்னரே சேமிக்கப்பட்டிருந்தவை தாமாகப் பூட்டப்படுவதில்லை. அவற்றை மீண்டும் ஒருமுறை எழுத வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு பிரிவில் புதிய கன்டெய்னரைத் தொடங்கும் அனுமதி உள்ளவர், அப்பிரிவின் இரகசியங்களைத் தமது கன்டெய்னருக்குள் வரவழைத்துப் படித்துவிட முடியும். இரகசியத்தை நேரடியாகப் பார்க்கும் அனுமதியை மட்டும் மறுப்பதால் பயன் இல்லை.

பூட்டியபடியே களஞ்சியத்தில்

இந்நிலையில், இரகசியத்தை மறையாக்கம் செய்து அமைவுக் கோப்புகளோடு களஞ்சியத்திலேயே வைப்பது ஒரு வழியாக உருவெடுத்தது. மொஸில்லா அமைப்பில் உருவாகி, 2023 ஆம் ஆண்டில் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனிடம் சென்ற சாப்ஸ் என்ற கருவி இதற்கு எடுத்துக்காட்டு. இது கோப்பு முழுவதையும் பூட்டுவதில்லை. 'கடவுச்சொல்' என்ற பெயரை வெளிப்படையாக விட்டு, அதற்கு எதிரே உள்ள மதிப்பை மட்டும் பூட்டுகிறது. இதனால் எந்த இரகசியம் எப்போது மாறியது என்பதைக் குழுவினர் காணலாம். அது என்ன என்பதைக் காண முடியாது.

இதன் உள்ளே நடப்பது உறைக்குள் உறை வைப்பதைப் போன்றது. கோப்பிலுள்ள மதிப்புகளைப் பூட்ட ஒரு தரவுச் சாவி உருவாக்கப்படுகிறது. அந்தத் தரவுச் சாவியை வேறொரு தலைமைச் சாவி பூட்டுகிறது. தலைமைச் சாவி களஞ்சியத்துக்கு வெளியே, பெரும்பாலும் மேகக் கணினி நிறுவனங்களின் சாவிச் சேவையில் இருக்கும்.

சீல்ட் சீக்ரெட்ஸ் என்ற கருவி வேறொரு வழியைப் பின்பற்றுகிறது. அதில் பூட்டும் சாவி எல்லோருக்கும் பொதுவானது. திறக்கும் சாவி குபெர்னெட்டிஸ் தொகுதிக்குள் மட்டுமே இருக்கும். எழுதிய பொறியாளரே மீண்டும் திறக்க முடியாது. அதேவேளை, திறக்கும் சாவிக்குப் பிரதி எடுத்துவைக்காமல் தொகுதியை இழந்துவிட்டால், களஞ்சியத்தில் உள்ள பூட்டிய கோப்புகள் யாருக்கும் பயன்படாமல் போகும்.

இவ்விரு முறைகளுக்கும் பொதுவான குறை ஒன்று உள்ளது. களஞ்சியம் எதையும் மறப்பதில்லை. குழுவிலிருந்து விலகிய ஒருவரின் சாவியை நீக்கிவிட்டாலும், பழைய பதிப்புகள் அவருடைய கணினியில் இருக்கலாம். அவற்றை அவரது பழைய சாவி இன்றும் திறக்கும். ஆகவே, ஒருவர் விலகும்போது சாவியை மட்டும் அன்றி, கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும்.

சாவியே மையம்

1883 ஆம் ஆண்டில் அகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ் என்ற மொழியியல் அறிஞர், இராணுவ மறையெழுத்து பற்றிய கட்டுரையில் ஒரு விதியை முன்வைத்தார். பூட்டின் அமைப்பு எதிரியின் கையில் சிக்கினாலும் தீங்கு நேரக்கூடாது, பாதுகாப்பு முழுவதும் சாவியிலேயே தங்கியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கன்டெய்னர் காலத்திலும் அவ்விதி மாறவில்லை.

2023 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4 ஆம் தேதி, மென்பொருள் தயாரிப்பைத் தானியக்கமாக நடத்தும் சர்க்கிள்சிஐ நிறுவனம், தன்னிடம் சேமித்துள்ள இரகசியங்கள் அனைத்தையும் உடனே மாற்றுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஒரு பொறியாளரின் மடிக்கணினியில் நுழைந்த தீநிரல் வழியாக ஊடுருவல் நடந்திருந்தது. எடுத்துச் செல்லப்பட்ட தரவுகள் மறையாக்கம் செய்யப்பட்டே இருந்தன. ஆனால் ஓடிக்கொண்டிருந்த ஒரு நிரலின் நினைவகத்திலிருந்து ஊடுருவியவர்கள் சாவிகளையும் எடுத்துவிட்டனர்.

மறையாக்கம் சிக்கலைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றுகிறது என்பதே இதன் பாடம். பல இரகசியங்களைக் காக்கும் பொறுப்பு ஒரு சாவியைக் காக்கும் பொறுப்பாகச் சுருங்குகிறது. அது பெரும் நன்மைதான். ஆனால் அந்தச் சாவி பூட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கினால் நன்மை இல்லை.

ஹாஷிகார்ப் நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட வால்ட் மென்பொருள் இதற்கு ஒரு விடை தருகிறது. அதன் தலைமைச் சாவியை, இஸ்ரேலிய அறிஞர் ஆதி ஷமீர் 1979 ஆம் ஆண்டில் வகுத்த முறைப்படி பங்குகளாகப் பிரிக்கலாம். இயல்பு அமைப்பில் ஐந்து பங்குகள். அவற்றில் மூன்று சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். தனியொருவரால் திறக்க இயலாது.

ஆயினும் வால்ட் பெட்டகத்திடம் கடவுச்சொல் கேட்டு வரும் கன்டெய்னர், தான் யார் என்பதை நிரூபிக்க வேண்டும். அதற்கும் ஓர் இரகசியம் தேவை. முதல் இரகசியத்தை எப்படிக் கொடுப்பது? இன்றைய நடைமுறையில், கன்டெய்னரை இயக்கும் தளமே அதற்குக் குறுகிய ஆயுள் கொண்ட ஓர் அடையாளச் சீட்டை வழங்குகிறது. காலாவதியாகாத சீட்டுகளைத் தானாக உருவாக்கும் வழக்கத்தை குபெர்னெட்டிஸ் 2022 ஆம் ஆண்டு வெளியான 1.24 ஆவது பதிப்பில் கைவிட்டது.

செய்ய வேண்டியவை

சிறு குழுவாக இருப்பினும் சில நடைமுறைகள் எவருக்கும் சாத்தியமே. இரகசியத்தைப் பொதிக்குள் வைக்கக்கூடாது. பொதியைத் தயாரிக்கும் வேளையில் சாவி தேவைப்பட்டால், அடுக்குகளில் பதியாமல் அதனைத் தற்காலிகமாக வழங்கும் வசதி டாக்கரில் 2018 ஆம் ஆண்டு முதல் உள்ளது. இயங்கும் கன்டெய்னருக்குக் கடவுச்சொல்லைச் சூழல் மாறியாக அன்றி, நினைவகத்தில் மட்டும் இருக்கும் கோப்பாக வழங்குவது மேலானது.

களஞ்சியத்தில் வைப்பதாயின் பூட்டியே வைக்க வேண்டும். தலைமைச் சாவி வேறிடத்தில், வேறு அனுமதியின் கீழ் இருக்க வேண்டும். சோதனைச் சூழலுக்கும் உண்மைச் சூழலுக்கும் ஒரே சாவி கூடாது. சாவியின் பிரதி எங்கே உள்ளது, யார் பொறுப்பு என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இவை அனைத்தையும் விட முக்கியமானது, கசிந்த பிறகு என்ன செய்வது என்பதாகும். தவறுதலாகக் கடவுச்சொல்லைக் களஞ்சியத்தில் இட்டுவிட்ட பொறியாளர், பதற்றத்தில் முதலில் செய்வது அந்த வரியை அழிப்பதே. அது போதாது. வரலாற்றில் அது இருக்கும். யாரேனும் ஏற்கெனவே பிரதி எடுத்திருக்கலாம். முதலில் அந்தக் கடவுச்சொல்லைச் செல்லாததாக்க வேண்டும். அதன் பின்னர் புதியதை வழங்கி, பழையது எங்கெல்லாம் பயன்பட்டது என்று பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். வரலாற்றைச் சுத்தம் செய்வது கடைசி வேலை.

அந்தப் பொறியாளர் தமது தவறை உடனே சொல்லக்கூடிய சூழல் அலுவலகத்தில் இருக்கிறதா என்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. தண்டனைக்கு அஞ்சி மறைக்கப்படும் ஒரு மணி நேரம், ஊடுருவுபவருக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரமாகும்.

ஒரு நிறுவனத்தின் இரகசியங்கள் எவ்வளவு பாதுகாப்பாக உள்ளன என்பதை அறிய ஒரு கேள்வி போதும். இன்றிரவே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும் என்றால், நாளைக் காலை சேவைகள் வழக்கம் போல் ஓடுமா? ஓடும் என்று தயக்கமின்றிச் சொல்லக்கூடிய நிறுவனத்துக்கு, கசிவு என்பது ஓர் இரவின் வேலை. சொல்ல இயலாத நிறுவனத்துக்கு, எத்தனை வலிமையான மறையாக்கம் இருந்தாலும், அந்த இரவு இனிமேல்தான் வரவிருக்கிறது.