வாரக் கணக்கும் நான்காண்டுக் கணக்கும்: லீ சோங் வெய்யின் ஒற்றையர் ஆட்ட வாழ்க்கை

1. வாதம்

மலேசியாவின் லீ சோங் வெய், இறகுப்பந்து ஆடவர் ஒற்றையர் உலகத் தரவரிசையில் மொத்தம் 349 வாரங்கள் முதலிடத்தில் இருந்தவர். 69 பட்டங்கள் வென்றவர். ஆனால் ஒலிம்பிக் தங்கமும் உலகச் சாம்பியன் பட்டமும் கடைசிவரை அவர் கைக்கு எட்டவில்லை. இந்த முரணுக்குப் பலரும் சொல்லும் காரணம், பெரிய நாளில் அவர் மனம் தளர்ந்துவிடும் என்பது. ஆட்டங்களின் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தக் காரணம் நிற்காது. ஒற்றையர் ஆட்டக்காரரின் உழைப்பை வாரந்தோறும் ஓடும் கணக்கு ஒன்று அளக்கிறது; நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கேட்கப்படும் கணக்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே உடம்பால் தீர்க்க முயன்றவர் லீ என்ற கோணத்தில் அவரது வாழ்க்கையை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. வாரக் கணக்கு

கடந்த 52 வாரங்களில் ஓர் ஆட்டக்காரர் பெற்ற சிறந்த பத்து முடிவுகளின் கூட்டுத்தொகையே அவரது தரவரிசைப் புள்ளி. சென்ற ஆண்டு வென்ற புள்ளிகள் ஓராண்டு முடிந்ததும் கழிந்துபோகும். வென்ற பட்டத்தை அடுத்த ஆண்டும் வென்றாக வேண்டும். இல்லையென்றால் வேறு ஊரில் ஈடுகட்ட வேண்டும்.

லீயின் மிக நீண்ட தொடர் 2008 ஆகஸ்ட் 21 முதல் 2012 ஜூன் 14 வரை, 199 வாரங்கள். இந்தத் தேதிகளை உற்றுப் பார்க்க வேண்டும். பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் சீனாவின் லின் டானிடம் அவர் 12-21, 8-21 என்று தோற்றது 2008 ஆகஸ்ட் 17 அன்று. நான்கே நாளில் முதலிடத்துக்கு வந்தார். லண்டன் ஒலிம்பிக் இறுதியில் அதே லின் டானிடம் மறுபடி தோற்றது 2012 ஆகஸ்ட் 5 அன்று. அந்த இரண்டு தோல்விகளுக்கும் இடைப்பட்ட காலத்தை ஏறத்தாழ முழுவதுமாக அவர் உச்சியில் கழித்திருக்கிறார். பெய்ஜிங்கில் பட்ட அடி சாதாரணமானதல்ல. அதைத் தாங்கி உடனே எழுந்து 199 வாரம் நின்ற ஒருவரை மன உறுதியற்றவர் என்று எப்படிச் சொல்வது?

3. ஆட்டமுறை

லீ 1982 அக்டோபர் 21 அன்று பேராக் மாநிலத்தின் பாகான் செராயில் பிறந்தார். வளர்ந்தது பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமில். அவரை உருவாக்கிய பயிற்சியாளர் மிஸ்புன் சிடேக், மலேசியாவின் புகழ்பெற்ற சிடேக் சகோதரர்களில் மூத்தவர். 1992 பார்சிலோனாவில் மலேசியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் பெற்றுத் தந்த ரஸிஃப், ஜலானி இருவரும் மிஸ்புனின் தம்பிகள்.

லீ மிக உயரமானவர் அல்லர். பின்கோட்டிலிருந்து எகிறி ஸ்மாஷ் அடித்துவிட்டு, எதிராளி தூக்கிவிடும் இறகுப்பந்து கீழே வருவதற்குள் நெட்டருகே வந்து நிற்கும் வேகம்தான் அவரது மூலதனம். இந்த வேகத்துக்கு 2006இல் ஒரு சோதனை வந்தது. அதுவரை சர்வீஸ் போடுபவர் மட்டுமே புள்ளி எடுக்க முடியும், ஒரு கேம் 15 புள்ளி. புதிய விதியில் ஒவ்வொரு ராலிக்கும் ஒரு புள்ளி, கேம் 21. பின்தங்கியவர் மூச்சு வாங்கிக்கொண்டு நிதானமாக மீள்வதற்கு இடம் குறைந்துபோனது. அந்த ஆண்டே கூச்சிங்கில் நடந்த மலேசிய ஓபன் இறுதியாட்டத்தில், மூன்றாவது கேமில் 13-20 என்ற நிலையிலிருந்து லீ 23-21 என்று வென்றார். எதிரே நின்றவர் லின் டான். நெருக்கடியில் தளர்பவர் என்ற கூற்றுக்கு இதைவிட வலுவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

4. இறுதியாட்டங்கள்

பெய்ஜிங் ஆட்டம் ஒருதலையானது. அதில் விவாதத்துக்கு இடமில்லை. மற்றவை வேறு கதை. 2011 உலகச் சாம்பியன் போட்டி, லண்டன் வெம்ப்லி: லீ இரண்டு மேட்ச் பாயிண்ட் வரை வந்து 22-20, 14-21, 21-23 என்று தோற்றார். 2012 மே மாதம் தாமஸ் கோப்பையில் கணுக்கால் தசைநார் காயப்பட்டது. அதிலிருந்து தேறி லண்டன் ஒலிம்பிக் இறுதிவரை வந்து, 21-15, 10-21, 19-21 என்று விட்டார். 2013 உலகச் சாம்பியன் போட்டி இறுதியில், குவாங்சோவில், மூன்றாவது கேமில் 17-20 என்று இருந்தபோது தசைப்பிடிப்பு வந்து ஆட்டத்தைத் தொடர முடியாமல் போனது. மூன்று முறையும் வென்றவர் லின் டான்.

2016 ரியோவில் அரையிறுதியிலேயே இருவரும் சந்தித்தனர். 15-21, 21-11, 22-20 என்று லீ வென்றார். ஒலிம்பிக்கில் லின் டானை வீழ்த்த எட்டு ஆண்டு காத்திருந்தவருக்கு, மறுநாள் களத்தில் சீனாவின் சென் லாங் காத்திருந்தார்: 18-21, 18-21. மூன்றாவது வெள்ளி. அப்போது லீக்கு வயது 33.

5. சுமையின் பங்கீடு

என் முதன்மையான வாதம் இங்கேதான் இருக்கிறது. பெய்ஜிங்கில் லின் டான் தங்கம் வென்றபோது வெண்கலம் வென்ற சென் ஜின்னும் சீனர். லண்டனில் வெண்கலம் சென் லாங்குக்கு. ரியோவில் அவருக்கே தங்கம். ஒருவர் தடுக்கத் தவறினால் இன்னொருவர் நின்றார். மலேசியாவோ ஒலிம்பிக் தங்கமே கண்டிராத நாடு. அந்த ஏக்கம் முழுவதும் எட்டு ஆண்டு ஒரே மனிதர்மேல் விழுந்தது.

லண்டனுக்குப் பிறகு லின் டான் நீண்ட ஓய்வெடுத்தார். தரவரிசையில் வெகுவாகச் சரிந்த அவருக்கு 2013 உலகச் சாம்பியன் போட்டியில் சிறப்பு அழைப்பின் பேரில் இடம் கிடைத்தது. குவாங்சோ இறுதியாட்டம் முதல்தர ஆட்டக்காரருக்கும் தரவரிசையே இல்லாதவரைப் போல வந்தவருக்கும் நடந்தது. வாரக் கணக்கை ஒருவர் முழுதாகத் தள்ளிவைத்துவிட்டார். மற்றவர் ஒரு வாரத்தையும் விட மனமில்லாமல் ஆடிக்கொண்டே வந்தார். தசைப்பிடிப்பு யாருக்கும் வரலாம், அதை இதோடு முடிச்சுப் போடுவது நியாயமில்லை. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே தொழிலைச் செய்தார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இருவரும் மோதிய 40 ஆட்டங்களில் லின் டான் 28 வென்றார், லீ 12. லின் டான் மேலானவர் என்பதை இந்த எண்ணிக்கை காட்டுகிறது, நானும் மறுக்கவில்லை. அவ்வளவு மேலான ஒருவருக்கு எதிரே நின்றுகொண்டே ஆல் இங்கிலாந்துப் பட்டத்தை 2010, 2011, 2014, 2017 என நான்கு முறை வென்றதை எடைபோடத்தான் நாம் பழகவில்லை.

6. தடை

2014 உலகச் சாம்பியன் போட்டியின்போது எடுத்த சோதனையில் டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்து தென்பட்டது. உணவுத் துணைப்பொருள் மாத்திரை வழியே அது உடலில் சேர்ந்ததாகவும், ஏமாற்றும் நோக்கம் இல்லை, கவனக்குறைவு மட்டுமே என்றும் விசாரணைக் குழு ஏற்றது. எட்டு மாதத் தடை 2015 மே மாதம் முடிந்தது. அந்தப் போட்டியின் வெள்ளிப் பதக்கம் போனது. தரவரிசையில் கீழே போனவர் ஆகஸ்டிலேயே ஜகார்த்தாவில் உலகச் சாம்பியன் போட்டியின் இறுதியில் நின்றார். அங்கும் சென் லாங் வென்றார்.

7. கடைசிப் பட்டம்

மலேசிய ஓபனை லீ முதலில் வென்றது 2004இல், பழைய விதியின் காலத்தில். பன்னிரண்டாவது முறை வென்றது 2018 ஜூலை 1 அன்று. ஜப்பானின் கென்டோ மொமோட்டாவை அவர் 21-17, 23-21 என்று தோற்கடித்தார். அன்று அவருக்கு வயது 35, மொமோட்டாவுக்கு 23. அந்த மாதமே லீக்கு மூக்கில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அடுத்த மாதம் நான்ஜிங்கில் உலகச் சாம்பியன் ஆனவர் மொமோட்டா. தைவானில் சிகிச்சை முடித்துத் திரும்பிய லீ, டோக்கியோ ஒலிம்பிக்கை மனத்தில் வைத்து மீண்டும் மட்டையை எடுத்தார். கடும் பயிற்சியை உடல் ஏற்கவில்லை. 2019 ஜூன் 13 அன்று செய்தியாளர்கள் முன் கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார்.