மூடப்பட்ட ஆய்வுகூடமும் முல்லோயா நினைவும்

1940 ஜனவரி 10 ஆம் நாள், ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதற் களப்பலியென அவரை இன்றும் நினைவுகூர்கின்றோம். சுட்டவரும் பொலிசார், துப்புத் துலக்க வேண்டியவரும் பொலிசார். எதிர்ப்பு வலுத்த பின்னரே விசாரணைக் குழு அமைந்தது. அதன்முன் கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். வாதாட ஒரு தோழர் கிடைத்தார். ஆனால், குண்டையும் குருதியையும் ஆராய்ந்து சொல்லும் நிபுணரைத் தம் பணத்தில் அமர்த்த, லயக் காம்பராவில் வாழ்ந்த ஒரு பெண்ணால் இயன்றிருக்குமா?

இங்கிலாந்தின் அரச தடயவியற் சேவை மூடப்பட்ட வரலாற்றை நோக்கும்போது இவ்வினாவே மீண்டும் எழுகின்றது.

அங்கு 1930களிலேயே அரச ஆய்வுகூடங்கள் தோன்றின. 1980களில், மரபணு கொண்டு ஆளை இனங்காணும் முறையை அலெக் ஜெஃப்ரீஸ் கண்டறிந்தபோது, அதை நீதிமன்றத்துக்கு ஏற்றதாக வளர்ப்பதில் இச்சேவையின் விஞ்ஞானிகள் பங்குகொண்டனர். அம்முறை முதன்முதல் கொலை வழக்கொன்றில் கையாளப்பட்டபோது, அது முதலில் செய்தது குற்றவாளியைப் பிடித்ததன்று. குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த நிரபராதி இளைஞன் ஒருவனை விடுவித்ததேயாகும். பொலிஸ் காவலில் பெறப்படும் வாக்குமூலங்களின் தன்மையை அறிந்த நமக்கு இது சிறு செய்தியன்று.

1991 இல் இச்சேவை தனி முகவரகமாக்கப்பட்டு, பொலிசாரிடம் கட்டணம் பெறலாயிற்று. 2005 இல் அரசுக்குச் சொந்தமான கம்பனியாயிற்று. தனியார் கம்பனிகள் போட்டிக்கு வந்தன. பொலிசாரோ செலவைக் குறைக்கச் சோதனைகளைத் தம் கூடங்களிலேயே செய்யத் தொடங்கினர். வருமானம் சுருங்கியது. மாதந்தோறும் இருபது இலட்சம் பவுண் நட்டமெனக் காட்டி, 2010 டிசம்பரில் மூடும் முடிவை அரசாங்கம் அறிவித்தது. 2012 மார்ச்சில் கதவு அடைபட்டது. சந்தைக்குள் தள்ளிவிட்டு, சந்தையில் தோற்றதென்று தண்டித்த கதை இது!

அரச சேவை பிழையே செய்யாததன்று. ஸ்டீபன் லாரன்ஸ் கொலை வழக்கில் அது காணத் தவறிய நுண்ணிய குருதிக் கறையைப் பின்னர் கண்டது தனியார் ஆய்வுகூடமே. இதை மறைப்பது நேர்மையாகாது. எனினும் பிழையைத் திருத்துவது வேறு, நிறுவனத்தையே அழிப்பது வேறு. மூடிய பின் நிகழ்ந்தவை என்ன? 2017 இல் ராண்டொக்ஸ் என்னும் தனியார் ஆய்வுகூடத்தில் சோதனைத் தரவுகள் திரிக்கப்பட்டிருக்கலாம் என்பது வெளிப்பட்டு, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வழக்குகளை மீளப் பார்க்க நேர்ந்தது. 2018 இல் கீ ஃபொரென்சிக் கம்பனி முறிந்தபோது, வழக்குகள் தேங்காதிருக்கப் பொதுப் பணமே கொட்டப்பட்டது. இலாபம் தனியாருக்கு, நட்டம் மக்களுக்கு என்னும் பழைய கணக்கு விஞ்ஞானத்திலும் தப்பவில்லை. 2019 இல் பிரபுக்கள் சபைக் குழுவொன்றும் இத்துறையின் சீர்கேட்டைக் கடுமையாகச் சாடியது.

இவற்றினும் ஆழமான கேடொன்றுண்டு. ஆய்வு விலைப்பொருளானால் வாங்குபவரே வினாவையும் வரையறுக்கிறார். எந்தத் துணியைச் சோதிப்பது, எதை விடுவது என்பதைப் பட்டியற் பணம் தீர்மானிக்கிறது. முல்லோயாவில் அந்த வாடிக்கையாளர் பொலிசாராகவே இருந்திருப்பர்.

இலங்கையில் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் இன்றும் பொது நிறுவனமே. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் நடக்கும் வழக்குகளுக்கான அதன் அறிக்கைகள் கொழும்புப் புறநகரான பெலவத்தையிலிருந்து வரவேண்டும். அவை தாமதிப்பதைத் தோட்ட மக்கள் நன்கறிவர். தாமதத்தைக் காட்டித் தனியாரிடம் கொடுக்கச் சொல்வோர், அங்கு ஆய்வாளரையும் கருவிகளையும் பெருக்கவும் மலைநாட்டில் ஒரு கிளை திறக்கவும் வேண்டிய பணத்தைப் பற்றி முதலில் பேசட்டும்.