பொடுதலைத் தரை

பொடுதலை, வயல் வரப்பிலும் குளக்கரையிலும் கடலோர மணலிலும் தரையோடு படரும் பல்லாண்டுச் செடி. தமிழ்நாட்டில் பொடுகுத் தைலம் காய்ச்சவும் மூல நோய்க்குத் துவையல் அரைக்கவும் இதைப் பறிப்பார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா, டெக்சாஸ், கலிபோர்னியா மாநிலங்களில் இதே செடியைப் புல்தரைக்கு மாற்றாக வளர்க்கிறார்கள்.

வெர்பினேசியே குடும்பத்தைச் சேர்ந்த இதை லின்னேயஸ் 1753-இல் வெர்பினா பேரினத்தில் வைத்தார். இன்றைய அறிவியல் பெயர் ஃபைலா நோடிஃபுளோரா. மண்ணைத் தொடும் கணுவெல்லாம் வேர்விடுவதால், இடைவெளி விட்டு நட்ட துண்டுகள் ஒன்றோடொன்று பின்னிப் பாயாகிவிடும். வெயிலில் சில அங்குலத்துக்கு மேல் உயராது. புல்வெட்டும் எந்திரத்துக்கு எப்போதாவதுதான் வேலை. நிழலில் மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்து மெலியும். உப்பு மண், தேங்கிய நீர், வேர்பிடித்தபின் வரும் வறட்சி ஆகிய மூன்றையும் தாங்கும்.

அமெரிக்காவின் வறண்ட மேற்கில் புல்தரைக்கு நீர் விடுவது சட்டப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. தெற்கு நெவாடாவில், அலங்காரத்துக்கென்றே உள்ள புல்லுக்குக் கொலராடோ ஆற்றுநீரைப் பாய்ச்சுவது 2027 தொடங்கும்போது நிற்க வேண்டும் என்று 2021-இல் சட்டம் வந்தது. தனி வீடுகளின் புல்லுக்கு அது பொருந்தாது. இத்தகைய தேவைக்கு ஏற்ற பொடுதலை வகைகளுள் ஒன்று, ஜப்பானில் உருவாக்கிய குராபியா. அது விதை பிடிக்காதது. நாற்றுக்கட்டியாகவோ பாயாகவோதான் நட வேண்டும்.

பழைய புல்லை வேரோடு எடுத்த பிறகே நடவு. முதல் பருவத்தில் நீரும் களையெடுப்பும் தவறக்கூடாது. 'பராமரிப்பே வேண்டாம்' என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பிள்ளைகள் பந்தாடும் இடத்துக்கு இது ஏற்றதன்று. கடும் உறைபனியில் பழுப்பேறும்.

நீண்ட காம்பின் நுனியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கொண்டையிடும் பூவைத் தேனீக்கள் மொய்க்கும். வெறுங்காலோடு நடப்பவர் பார்த்துத்தான் நடக்க வேண்டும். ஃபுளோரிடாவில் வெண்மயில், ஃபேயான் என்னும் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு இதன் இலை தீனியாகிறது. வெறும் பச்சைக் கம்பளமாக இருக்கும் புல்தரையில் இப்புழுக்களுக்குத் தீனியே இல்லை.

படரும் திறமே இச்செடியின் நெருங்கிய உறவுக்கு ஆஸ்திரேலியாவில் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. தென் அமெரிக்காவிலிருந்து அலங்காரச் செடியாக வந்த ஃபைலா கானெசென்ஸ், தோட்டத்தைத் தாண்டி மரே-டார்லிங் ஆற்றுப்படுகையின் வெள்ளச் சமவெளிகளில் பரவியது. கால்நடைகள் அதை விரும்பி மேய்வதில்லை. மேய்ச்சல் புல் அதன் பாய்க்கு அடியில் நசுங்குகிறது. வெள்ளம் தண்டுத்துண்டுகளைச் சுமந்து போய்ப் புதுக்கரையில் சேர்க்க, அங்கும் வேர்விடுகிறது. அதனால் விதையற்ற பொடுதலை வகையாக இருந்தாலும், ஓடைக்கும் வாய்க்காலுக்கும் ஒட்டிய மனையில் நடுவது சரியல்ல: கணுவுள்ள ஒரு துண்டு தப்பினாலே போதும்.