விளையாட்டிலே வளர்ந்த மின்மூளை



"எந்நேரமும் கைப்பேசியிலே கேம்தானா? புத்தகத்தை எடுத்துப் படியேன்டா!"

இந்தக் குரல் கேட்காத வீடு இன்று உண்டா? தோட்டத்து லயமானாலும் சரி, பட்டணத்து அடுக்குமாடி வீடானாலும் சரி, பொழுது சாய்ந்தால் இந்தக் குரல் கேட்கத்தான் செய்கிறது. ஆசிரியராக இருந்தபோதும் கத்தினேன். தாத்தா ஆன பிறகும் கத்துகிறேன். சென்ற பள்ளி விடுமுறையில் அப்படிக் கத்திக்கொண்டிருந்தபோதுதான் என் பேரன் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்: "தாத்தா, ஏ.ஐ., ஏ.ஐ. என்கிறார்களே, அது எந்தப் பள்ளிக்கூடத்திலே படிச்சது?"

பையன் வாயை அடைப்பதற்காகக் கேட்ட கேள்விதான். ஆனால் நான் தேடிப் படித்தபோது கிடைத்த பதில் என்னையே வாயடைக்க வைத்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு என்று இன்று உலகமே பேசுகிறதே, அது படித்த பள்ளிக்கூடம் விளையாட்டுத்தான்! அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

கதை ஒரு மோசடியில் தொடங்குகிறது. 1770ஆம் ஆண்டு, வியன்னா நகரத்து அரண்மனை. கெம்பலன் என்பவர் மகாராணி மரியா தெரேசாவின் முன்னால் ஓர் இயந்திரப் பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்தினார். தலைப்பாகை கட்டிய துருக்கியன் ஒருவன் பெரிய மரப்பெட்டியின் பின்னால் உட்கார்ந்திருப்பான். பெட்டியின் மேல் சதுரங்கப் பலகை. பெட்டிக் கதவைத் திறந்து காட்டினால் உள்ளே பல்சக்கரங்கள் மட்டுமே தெரியும். சாவி கொடுத்ததும் பொம்மை கையை நீட்டிக் காயை நகர்த்தும்; எதிராளியைத் தோற்கடிக்கும். 1809இல் மாவீரன் நெப்போலியனும் இதனோடு ஆடித் தோற்றார். உண்மை என்னவென்றால், பெட்டிக்குள்ளே சதுரங்கத்தில் கைதேர்ந்த மனிதர் ஒருவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்! 1854இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தீப்பற்றி எரிந்துபோகும்வரை, ஏறக்குறைய 84 ஆண்டுக்காலம், அந்தப் பொம்மை ஊரை ஏமாற்றியது. இயந்திரத்துக்குள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் நீங்கள் விட்டுவிடாதீர்கள். கடைசியில் அது நமக்குத் தேவைப்படும்.

அடுத்து வந்தவர் இங்கிலாந்துக் கணித மேதை ஆலன் டூரிங். சதுரங்கம் ஆடக் கணினிக்கு என்னென்ன விதிகள் வேண்டும் என்று இவர் தாளிலே எழுதிவிட்டார். ஆனால் அதை ஆடிக்காட்டும் வல்லமை அன்றைய கணினிக்கு இல்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? 1952இல் தாமே கணினியாக உட்கார்ந்துகொண்டார்! எழுதிவைத்த விதிகளைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டு, ஒரு காயை நகர்த்த ஏறக்குறைய அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு, தம் நண்பர் ஒருவரோடு ஆடினார். ஆட்டத்தில் தோற்றும் போனார். மனிதன் ஒளிந்துகொண்டு இயந்திரமாக நடித்தது அந்தக் காலம். இங்கேயோ மனிதன் நாலு பேர் அறிய இயந்திரமாக மாறிப் பார்க்கிறான். எனக்கு இந்தக் கதையிலே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சதுரங்கத்தைவிட எளிய ஆட்டத்தை எடுத்துக்கொண்டவர் அமெரிக்காவின் ஆர்தர் சாமுவேல். நம் ஊர்க் காப்பிக்கடைகளில் புட்டி மூடிகளை வைத்துப் பெரியவர்கள் 'டாம்' ஆடுவார்களே, அதற்குச் சொந்தக்கார ஆட்டம் அது. ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த சாமுவேல், எல்லா நகர்த்தல்களையும் கணினிக்குச் சொல்லிக்கொடுத்து முடியாது என்று கண்டார். ஆகவே கணினியை அதனோடேயே ஆடவிட்டார். தோற்றால் எதனால் தோற்றோம் என்று தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும்படி எழுதினார். சொல்லிக்கொடுத்தவரைவிட நன்றாக ஆட இயந்திரம் கற்றுக்கொள்ள முடியும் என்று 1959இல் கட்டுரை எழுதி அறிவித்தார். 'இயந்திரக் கற்றல்' என்று இன்று பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறதே, அந்தச் சொல் பரவியது இந்த டாம் பலகையிலிருந்துதான்.

பிறகு விளையாட்டே ஒரு தொழிலாக வளர்ந்தது. 1972இல் அட்டாரி நிறுவனத்தின் 'பாங்', 1978இல் ஜப்பானிலிருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980இல் 'பேக்மேன்'. எண்பதுகளில் பட்டணத்து வீடியோ கேம் கடைகளிலே காசைத் தொலைத்துவிட்டு வீட்டிலே பிரம்படி வாங்கியவர்கள் இன்று கௌரவமான அப்பாமார்களாக இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கக்கூடும்! பேக்மேனைத் துரத்தும் நான்கு பேய்களை நினைத்துப் பாருங்கள். சிவப்புப் பேய் நேரே பின்னால் ஓடிவரும். இளஞ்சிவப்புப் பேயோ நாம் போகப்போகிற இடத்தைக் குறிவைத்து முன்னால் வந்து மறிக்கும். "அதுக்குப் புத்தி இருக்குடா" என்று பிள்ளைகள் சத்தியம் செய்தார்கள். உண்மையில் இரண்டே வரியில் எழுதக்கூடிய விதிகள் அவை. புத்தி இல்லாமலே புத்தி இருப்பதுபோல் காட்டலாம் என்பதைச் சின்னப் பிள்ளைகள் அன்றே அனுபவித்துவிட்டார்கள்.

இன்று பேசப்படும் மெய்நிகர் உலகத்துக்கும் இதே கதைதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் மலையுச்சியிலோ கடலடியிலோ இருப்பதுபோல் தோன்றுமே, அதன் மூதாதை 1929இல் எட்வின் லிங்க் செய்த பொய் விமானம். இசைக்கருவி செய்கிற குடும்பத்துப் பிள்ளை அவர். காற்றடித்து ஆடும் அந்தப் பெட்டியை முதலில் கேளிக்கைப் பூங்காக்காரர்கள்தாம் வாங்கினார்கள். 1934இல் தபால் கொண்டுபோன விமானிகள் பலர் மோசமான வானிலையில் சிக்கி மாண்ட பிறகுதான் அமெரிக்க இராணுவம் ஓடிவந்து ஆறு பெட்டிகளை வாங்கியது. தலையில் மாட்டும் கருவியை 1968இல் ஐவன் சதர்லாந்து செய்தார். கனம் தாங்காமல் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 2014இல் முகநூல் நிறுவனம் 200 கோடி டாலர் கொடுத்து ஆக்குலஸ் நிறுவனத்தையே வாங்கியது. இவ்வளவு காசைக் கொட்டியும் அந்தக் கண்ணாடி இன்னும் வீட்டுக்கு வீடு வந்து சேரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு நம் கதைக்கு வருவோம்.

1997ஆம் ஆண்டு மே மாதம், நியூயார்க். உலகச் சதுரங்க வெற்றிவீரர் காஸ்பரோவை ஐ.பி.எம்.மின் 'டீப் புளூ' மூன்றரைக்கு இரண்டரை என்ற கணக்கில் தோற்கடித்தது. அது விநாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கும். இது அறிவா, வெறும் வேகமா என்று அன்றைக்குச் சண்டை போட்டார்கள். பாதிக்குமேல் வேகம்தான் என்பது என் கட்சி.

அறிவு வேறொரு வழியாக வந்தது. அந்த வழியை உங்களுக்குத் தோட்டத்தை வைத்தே விளக்கிவிடலாம். கணினியின் முதன்மைச் சில்லு, அலுவலகத்துக் கிராணி மாதிரி. கெட்டிக்காரர், எந்தக் கணக்கானாலும் போடுவார், ஆனால் ஒன்றை முடித்த பிறகுதான் இன்னொன்று. விளையாட்டுக்கு இது போதவில்லை. திரையிலே இலட்சக்கணக்கான புள்ளிகள்; ஒவ்வொன்றுக்கும் நிறம் கணக்கிட வேண்டும்; அதுவும் விநாடிக்குப் பல முறை. விடியற்காலையில் இருநூறு பேர் ஆளுக்கொரு நிரையிலே இறங்கி ஒரே நேரத்தில் மரம் வெட்டுகிறார்களே, அந்த மாதிரி வேலை இது. ஒவ்வொருவர் வேலையும் சின்னது. எல்லாரும் சேர்ந்து முடிப்பது பெரியது. இப்படி ஒரே சமயத்தில் பல கணக்குகளைப் போடும் சில்லுகளை விளையாட்டுக்காரர்களுக்காகவே செய்து விற்றது, 1993இல் தொடங்கிய என்விடியா நிறுவனம்.

மூளை நரம்புகளைப்போல் பின்னிய கணக்குவலைகளுக்கும் இதே இருநூறு பேர் வேலைதான் தேவைப்பட்டது. 2012இல் கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர், கேம் ஆடும் பிள்ளைகள் கடையில் வாங்குகிற அட்டைகளில் இரண்டே இரண்டை வைத்து, 12 இலட்சம் படங்களைக் கணினிக்குக் காட்டிப் பழக்கினார்கள். ஐந்தாறு நாளில் பழகியது. படத்தைப் பார்த்துப் பொருளைச் சொல்லும் அவ்வாண்டுப் போட்டியிலே மற்ற எல்லாரையும் வெகுதூரம் பின்னால் தள்ளியது. இன்றைய ஏ.ஐ. அலை அங்கிருந்துதான் எழுந்தது. பிள்ளைகள் கேமுக்காகக் கொட்டிய காசிலே வளர்ந்த சில்லு அது!

இலண்டனில் 2010இல் டீப்மைண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர் டெமிஸ் ஹசாபிஸ். தந்தையார் சைப்ரஸ் தீவுக் கிரேக்கர். தாயார் சிங்கப்பூர்ச் சீனர். நாலு வயதில் சதுரங்கம் கற்றவர். பதினேழு வயதிலே 'தீம் பார்க்' என்ற கணினி விளையாட்டை உருவாக்கியதில் பங்குகொண்டவர். இவருடைய குழு பழைய அட்டாரி விளையாட்டுகள் 49ஐக் கணினியிடம் கொடுத்தது. விதிகளைச் சொல்லவில்லை. திரையும் மதிப்பெண்ணும்தான் பாடம். பந்தடித்துச் செங்கல் உடைக்கும் ஆட்டத்திலே நூற்றுக்கணக்கான முறை ஆடிய பிறகு, சுவரின் ஓரத்தில் துளைபோட்டுப் பந்தை மேலே அனுப்பிவிட்டால் அது தானாகவே உடைத்துத் தள்ளும் என்று கண்டுகொண்டதாம். 2015இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

மறு ஆண்டு மார்ச் மாதம் சியோல் நகரில் 'ஆல்பாகோ' என்ற அவர்களது நிரல், கொரிய வீரர் லீ செடோலைக் 'கோ' ஆட்டத்தில் நான்குக்கு ஒன்று என்று வென்றது. இரண்டாம் ஆட்டத்தின் 37ஆம் காய் எந்த மனிதரும் வைத்திருக்க மாட்டாத இடத்தில் விழுந்தது. முதலில் தவறு என்றார்கள். பிறகு அழகு என்றார்கள். நான்காம் ஆட்டத்தில் லீ வைத்த 78ஆம் காய் இயந்திரத்தைத் தடுமாற வைத்தது. மனிதனுக்குக் கிடைத்த அந்த ஒரே வெற்றியைச் சியோலில் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார்கள். தோற்கடிக்க முடியாத ஒன்று வந்துவிட்டது என்று சொல்லி 2019இல் லீ ஆட்டத்தையே விட்டுவிட்டார். அதே டீப்மைண்ட் குழு அடுத்து எடுத்துக்கொண்டது, உடம்பிலுள்ள புரதங்களின் வடிவத்தைக் கண்டறியும் வேலை. அதற்காக 2024இல் ஹசாபிஸ் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதைப் படித்துவிட்டு, "பாத்தீங்களா அப்பா, கேம் ஆடினா நோபல் பரிசு!" என்று எந்தப் பையனாவது கிளம்பினால், கொஞ்சம் பொறு தம்பி! இந்தக் கதையிலே வருகிறவர்கள் விளையாட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள். ஆடிக்கொண்டே இருந்தவர்கள் அல்லர். கட்டுப்பாடில்லாத விளையாட்டை உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் நோய்ப் பட்டியலிலும் சேர்த்துவிட்டது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதிலேயே உலகச் சதுரங்க வெற்றிவீரரான சென்னைப் பையன் குகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். கையிலுள்ள கைப்பேசியே எந்த வீரரையும் வெல்லும் காலத்தில் வளர்ந்த பிள்ளை. அப்படியிருந்தும் அவருடைய பயிற்சியாளர் ஆரம்ப ஆண்டுகளில் கணினியை அண்டவிடவில்லை. பலகையைப் பார்த்துத் தானாகவே யோசி என்று பழக்கினார்.

இப்போது, நம் நாட்டுக்கு வருவோம். 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில், நெல்வயலாக இருந்த நிலத்தில், இண்டெல் நிறுவனம் தன் தொழிற்சாலையைத் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அது திறந்த முதல் தொழிற்சாலை அது. மயிரிழையிலும் மெல்லிய தங்கக் கம்பியை உருப்பெருக்கியில் பார்த்துச் சில்லோடு இணைக்கும் வேலை. அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலே அப்படி உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும். கண் மங்க உழைத்த அந்த அக்காமாரும் பெட்டிக்குள்ளே உட்கார்ந்திருந்தவர்கள்தாம். துருக்கியன் பொம்மையைத் திறந்தாலாவது ஆளைப் பார்த்திருக்கலாம். இவர்களை யார் பார்த்தார்கள்?

ஜொகூர், கூலாய் வட்டாரத்தில் கூலாய் யங் எஸ்டேட் என்ற செம்பனைத் தோட்டம் இருந்தது. சுமார் 664 ஹெக்டேர், அதாவது 1,640 ஏக்கர். 2021இன் இறுதியில் பௌஸ்டெட் நிறுவனம் அதை ஒய்.டி.எல். நிறுவனத்துக்கு ஏறக்குறைய 43 கோடி வெள்ளிக்கு விற்பதாக அறிவித்தது. அங்கே எழும்புவது கணினித் தரவு மையம். அங்கே ஏ.ஐ. கணினிகளை நிறுவுவதாக, விளையாட்டுச் சில்லு செய்த அதே என்விடியாவும் ஒய்.டி.எல்.லும் 2023 டிசம்பரில் அறிவித்தன. இத்தகைய மையங்கள் மின்சாரத்தையும் நீரையும் ஏராளமாகக் குடிக்கும். ஆனால் கட்டி முடிந்த பிறகு ஒரு தொழிற்சாலைக்கு வேண்டிய ஆள்பலம் அதற்குத் தேவையில்லை. தேவைப்படுகிறவர்கள் மின்வினைஞர்கள், குளிரூட்டிப் பொறிகளைப் பராமரிப்பவர்கள், கணினி வலையமைப்பு படித்தவர்கள்.

பேரனிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். அவன் ஆடிக்கொண்டிருந்தது 'ஃபிரீ ஃபயர்'. சிங்கப்பூரின் சீ நிறுவனத்தைச் சேர்ந்த கரீனா வெளியிட்டது. கூலாய் மையத்தின் முதற்கட்டத்துக்கு முதன்மை வாடிக்கையாளர் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது அதே சீ நிறுவனம்தான். இதைச் சொன்னதும் பையன் முதன்முறையாகக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

"அந்தத் தோட்டத்திலே இருந்தவங்க எல்லாம் இப்போ எங்கே தாத்தா?" என்று கேட்டான்.